ஈறு நோய்க் கிருமியை பிசிஆரில் பிடிப்பது எப்படி: லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

புதிதாக லேபுக்குள் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் போய் நிற்பது பிசிஆர் மெஷின் முன்னால்தான். தேடும் டிஎன்ஏ துண்டைக் கோடிக்கணக்கில் பிரதி எடுத்து, அது மாதிரியில் இருந்ததா என்று காட்டும் முறைதான் பிசிஆர். உள்ளதைச் சொன்னால் அந்த மெஷினோடு நமக்குப் பெரிய வேலை இல்லை. குழாய்களை அடுக்கி, மூடியை அழுத்தி, பட்டனைத் தட்டினால் இரண்டு மணி நேரம் அது பாட்டுக்கு ஓடும். நாம் டீ குடிக்கப் போகலாம். ரிசல்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்பே. நோயாளி நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் கெடும். தப்பினால், துளித் துளியாகத் திரவத்தை அளந்து எடுக்கும் பைப்பெட்டைப் பிடிக்கும் மேசையில் கெடும். அதனால் இந்தக் கட்டுரையிலும் மெஷினுக்குக் கொஞ்சம் இடம்தான்.

பல் மருத்துவம் படித்துவிட்டு வருகிறவருக்குப் பைப்பெட் புதிது. நுண்ணுயிரியல் படித்தவருக்கு ஈறு புதிது. இரண்டு பேரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். தெரிந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

முதலில், இந்த டெஸ்ட் வேண்டுமா?

ஈறு நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள பிசிஆர் தேவையில்லை. மில்லிமீட்டர் கோடு போட்ட புரோப் என்ற மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கினால் நல்ல ஈறில் 3 மி.மீ.க்குள் நின்றுவிடும். 5, 6, 7 என்று இறங்கிக்கொண்டே போனால் அங்கே பை விழுந்திருக்கிறது. கூடவே எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தால் நோய் நிர்ணயம் முடிந்தது. 2018இல் வெளியான உலக வகைப்பாடு ஈறு நோயை நான்கு நிலைகளாகவும் மூன்று தரங்களாகவும் பிரிக்கிறது. அதற்குக் கிருமி டெஸ்ட் கட்டாயம் என்று எங்கும் இல்லை.

அப்படியென்றால் எதற்கு? ஓரிரு சந்தர்ப்பங்களில் இது கைகொடுக்கும். பதினாறு வயதுப் பையனுக்கு முன்பற்களும் முதல் கடைவாய்ப்பற்களும் மட்டும் ஆட ஆரம்பித்திருந்தால் ஒரு குறிப்பிட்ட கிருமியைத் தேடிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. வேர்வரை சுத்தம் செய்தும் பை குறையாத நோயாளிக்கு, ஆன்டிபயாட்டிக் கொடுப்பதா வேண்டாமா என்று டாக்டர் யோசிக்கும்போதும் உதவும். மற்றபடி இது பெருமளவு ஆராய்ச்சிக்கான கருவி. உங்கள் எம்.டி.எஸ். ஆய்வுக்காக வந்திருக்கிறீர்கள் என்றால், மாதிரி எடுப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும், நோயாளியின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று எடுத்த மாதிரிகள் எல்லாம் வீண்தான்.

யாரைத் தேடுகிறோம்?

வாயில் 700 வகைக்கு மேல் பாக்டீரியாக்கள் உண்டு. அதில் எதைத் தேடுவது என்ற கேள்விக்கு ஒரு வழி காட்டியது பாஸ்டனில் ஃபோர்சைத் நிறுவனத்தில் இருந்த சிக்மண்ட் சாக்ரன்ஸ்கியின் குழு. 185 பேரின் பற்களிலிருந்து ஈறுக்கு அடியில் எடுத்த 13,261 மாதிரிகளில் 40 வகை பாக்டீரியாக்களைத் தேடினார்கள். நைலான் சவ்வில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு, ஒரு பக்கம் மாதிரியின் டிஎன்ஏ, மறுபக்கம் தெரிந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ என்று ஒட்ட வைத்துப் பார்க்கும் முறை அது. எந்தெந்தக் கிருமிகள் சேர்ந்தே காணப்படுகின்றன என்று பார்த்து, கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு நிறம் கொடுத்து 1998இல் வெளியிட்டார்கள். ஆழமான பைகளிலும் ரத்தம் கசியும் இடங்களிலும் சேர்ந்து உட்கார்ந்திருந்த மூன்றுக்குச் சிவப்பு. லேபில் 'ரெட் காம்ப்ளெக்ஸ்' என்று நீங்கள் கேட்கப்போவது இதைத்தான்.

அந்த மூவர்: போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டேனரெல்லா ஃபோர்சிதியா, ட்ரெபோனிமா டென்டிகோலா. லேபில் யாரும் முழுப் பெயர் சொல்ல மாட்டார்கள். பிஜி, டிஎஃப், டிடி. இரண்டாவதன் பெயரில் அந்த ஃபோர்சைத் நிறுவனமே ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? இவர்களோடு தனி ஆளாக ஒருவர் உண்டு: அக்ரிகேட்டிபாக்டர் ஆக்டினோமைசிடெம்கோமிடன்ஸ். இதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் மாதிரி காய்ந்துவிடும் என்பதால் ஏஏ. மேலே சொன்ன பதினாறு வயதுப் பையனிடம் தேடுவது இதை.

இவற்றை வளர்த்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வளர்க்கலாம், ஆனால் பாடு. ரெட் காம்ப்ளெக்ஸ் மூன்றும் ஆக்சிஜனைக் கண்டால் ஆகாதவை. மாதிரி நாற்காலியிலிருந்து லேபுக்கு வருவதற்குள்ளேயே பாதி செத்துவிடும். டிஎஃப் வளர என்-அசிட்டைல் மியூராமிக் அமிலம் என்ற ஒரு சத்தை நாமே ஊட்ட வேண்டும். டிடி சுருள் வடிவக் கிருமி; சாதாரணத் தட்டில் வரவே வராது. பிசிஆருக்குக் கிருமி உயிரோடு இருக்கத் தேவையில்லை, அதன் டிஎன்ஏ இருந்தால் போதும். இந்த வசதியே பின்னால் ஒரு சிக்கலாகவும் திரும்பி வரும், அப்போது பார்ப்போம்.

மாதிரி எடுப்பது

ஒரே ஒரு பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டியது: கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாரா, பல் சுத்தம் செய்தாரா, தினமும் மவுத்வாஷ் போடுகிறாரா? ஜுரத்துக்கு மெடிக்கலில் வாங்கிய இரண்டு மாத்திரையை யாரும் ஆன்டிபயாட்டிக் என்று சொல்ல மாட்டார்கள். "ஏதாவது கேப்சூல் போட்டீங்களா?" என்று கேட்டால் பதில் வரும். ஆம் என்றால் அவரை ஆய்வில் சேர்க்காதீர்கள். அப்புறம், மாதிரி எடுப்பது எப்போதும் ஸ்கேலிங்குக்கு முன். முழுப் பையையும் புரோப் செய்து அளந்தது ரத்தத்தைக் கிளப்பியிருக்கும், ஆகவே அளவெடுப்பு ஒரு நாள், மாதிரி இன்னொரு நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

எந்தப் பல்? வாயை நாலாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஆழமான பையைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். நான்கையும் ஒரே குழாயில் போட்டால் 'இந்த வாயில் இருக்கிறதா' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். தனித்தனியாகப் போட்டால் 'இந்தப் பையில் இருக்கிறதா' என்பதற்குக் கிடைக்கும், செலவு நான்கு மடங்கு ஆகும். எந்தக் கேள்வி உங்களுடையது என்று முன்பே முடிவு செய்யுங்கள். பாதியில் மாற்ற முடியாது.

இனி கையால் செய்வது. பல்லைச் சுற்றிப் பஞ்சு உருளை வைத்து எச்சில் வராமல் தடுங்கள். ஈறுக்கு மேலே பல்லில் படிந்திருக்கும் வெள்ளைப் படலத்தைக் கிருமி நீக்கிய பஞ்சால் துடைத்து எடுங்கள். நமக்கு வேண்டியது கீழே இருப்பது. மேலே இருப்பதைத் துடைக்காமல் விட்டால், மாதிரி எடுக்கும் காகிதக் குச்சியான பேப்பர் பாயிண்ட் உள்ளே போகும்போது அதையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். காற்றைப் பீய்ச்சிக் காயவைக்கும்போது பைக்குள் நேராக ஊத வேண்டாம், பக்கவாட்டில் மெல்ல.

பிறகு பேப்பர் பாயிண்ட். வேர் சிகிச்சைக்குப் பயன்படுத்துகிறோமே, அதே காகிதக் குச்சிதான். 30ஆம் எண் பெரும்பாலும் சரியாக இருக்கும். இடுக்கியால் தடித்த முனையைப் பிடித்து, மெல்லிய முனையைப் பல்லை ஒட்டியே இறக்குங்கள். தடை தட்டியதும் நிறுத்துங்கள். அழுத்தினால் காகிதம் வளைந்து மடங்கும், ஈறும் கீறும். 20 நொடி அப்படியே பிடித்திருங்கள். மனதுக்குள் எண்ணாமல் கடிகாரத்தைப் பாருங்கள், ஏனென்றால் எண்ணும்போது எல்லோருக்கும் 20 என்பது 11ஆகிவிடுகிறது. பைக்குள் இருக்கும் ஈரம் காகிதத்தில் ஏறி வெண்மை கொஞ்சம் மங்குவது கண்ணுக்குத் தெரியும். வெளியே எடுக்கும்போது உதட்டிலோ கன்னத்திலோ படக் கூடாது. பட்டுவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பைக்குப் போங்கள்.

முனை சிவந்து வந்தால்? அழற்சி உள்ள ஈறு, ரத்தம் வரத்தான் செய்யும். லேசான சிவப்பு பரவாயில்லை. முழுக்க நனைந்து வந்தால் வேண்டாம். ரத்தத்தில் உள்ள ஹீம், பிசிஆர் நொதியின் வேலையைத் தடுக்கும். கிருமி நிறைய இருந்தும் 'இல்லை' என்று ரிசல்ட் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1.5 மில்லிலிட்டர் குழாயில் 300 மைக்ரோலிட்டர் டிஇ பஃபர் (டிஎன்ஏ கெடாமல் காக்கும் கரைசல்) ஊற்றி முன்பே தயாராக வைத்திருங்கள். பேப்பர் பாயிண்டை அதில் போட்டு மூடி, ஐஸில் வைத்து லேபுக்குக் கொண்டுவந்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். குழாயின் மேல் எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. என் முதல் வருடத்தில் சாதாரண மார்க்கரால் மூடியில் எழுதி 22 குழாய்களை ஃப்ரீசரில் வைத்தேன். வெளியே எடுத்ததும் பனி வேர்த்தது, கையுறையால் துடைத்தேன், 22 குழாயும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. ஆல்கஹாலுக்கும் அழியாத மார்க்கர், பக்கவாட்டிலும் மூடியிலும் இரண்டு இடத்தில் எண், அதே எண் நோட்டில். நோயாளி பெயர் குழாயில் வேண்டவே வேண்டாம்.

டிஎன்ஏவை வெளியே எடுப்பது

நாம் தேடும் நான்குமே கிராம் நெகட்டிவ் அல்லது அதையொத்த மெல்லிய சுவர்க்காரர்கள். ஆகவே கொதிக்க வைத்தாலே போதும், உடைந்துவிடும். குழாயை ஒரு நிமிடம் வோர்ட்டெக்ஸில் நன்றாகக் குலுக்கி, பேப்பர் பாயிண்டைக் கிருமி நீக்கிய இடுக்கியால் எடுத்துவிட்டு, 12,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுற்றுங்கள். அடியில் ஒரு சின்ன மங்கலான புள்ளி தெரியும். சில சமயம் தெரியவே தெரியாது, பயப்பட வேண்டாம். மேலே உள்ள நீரை எடுத்துவிட்டு 100 மைக்ரோலிட்டர் புது டிஇ ஊற்றிக் கலக்கி, 100 டிகிரியில் 10 நிமிடம். உடனே ஐஸ். மறுபடி சுற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரைப் புதுக் குழாய்க்கு மாற்றினால் அதில் டிஎன்ஏ இருக்கிறது.

கொதிக்கும்போது உள்ளே ஆவி சேர்ந்து மூடி டப்பென்று திறந்துகொள்ளும். பக்கத்துக் குழாயில் தெறித்தால் இரண்டும் போச்சு. பூட்டு உள்ள மூடியாகவோ, மேலே கிளிப் போட்டோ வையுங்கள்.

ரத்தம் அதிகம் உள்ள மாதிரிக்கும், அளவு பார்க்கும் ரியல் டைம் பிசிஆருக்கும், டிஎன்ஏவைச் சின்ன வடிகட்டிக் குழலில் பிடித்துச் சுத்தம் செய்யும் 'காலம்' (column) கிட் நல்லது. விலை அதிகம், சுத்தம் அதிகம். எந்த முறை என்றாலும் மாதிரியே இல்லாத ஒரு குழாயை, புதுப் பேப்பர் பாயிண்ட் மட்டும் போட்டு, முதலிலிருந்து கூடவே கொண்டுவாருங்கள். இதுதான் எக்ஸ்ட்ராக்‌ஷன் பிளாங்க். பஃபரிலோ கிட்டிலோ கிருமி டிஎன்ஏ கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும்.

டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று நானோடிராப் என்ற கருவியில் பார்ப்பீர்கள். 40 நானோகிராம் என்று காட்டும், சந்தோஷப்படுவீர்கள். அதில் பிஜி எவ்வளவு என்று அது சொல்லவில்லை. ஒரு மனிதச் செல்லில் சுமார் 6.6 பிகோகிராம் டிஎன்ஏ. ஒரு பிஜி பாக்டீரியாவில் சுமார் 2.5 ஃபெம்டோகிராம். அதாவது மாதிரியோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரே ஒரு ஈறுச் செல், 2,600 பிஜிக்குச் சமமான டிஎன்ஏவைக் கொண்டுவருகிறது. நானோடிராப் எண் எடுத்தோம் என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம், அதற்கு மேல் அதை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

பிரைமரும் மாஸ்டர் மிக்ஸும்

எல்லா பாக்டீரியாவிலும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ என்ற ஜீன் உண்டு, நீளம் சுமார் 1,500 எழுத்து (எழுத்து என்பது டிஎன்ஏவின் ஓர் அலகு, பேஸ்). அதில் சில பகுதிகள் எல்லா பாக்டீரியாவிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். பிரதி எடுப்பதை எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் சின்ன டிஎன்ஏ துண்டுதான் பிரைமர். மாறும் இடத்தில் அதை வைத்தால் அந்த இனம் மட்டும் மாட்டும். மாறாத இடத்தில் வைத்தால் எந்த பாக்டீரியாவும் மாட்டும். இரண்டாவது வகைக்கு யுனிவர்சல் பிரைமர் என்று பெயர். அது ஏன் வேண்டும் என்பது கொஞ்சம் கழித்து.

புதிதாகப் பிரைமர் வடிவமைக்க உட்கார வேண்டாம். 1996இல் அஷிமோட்டோவும் சகாக்களும் வெளியிட்ட பிரைமர்களை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். அதில் கிடைக்கும் துண்டுகளின் நீளத்தை ஒரு சீட்டில் எழுதி ஜெல் டாக் (துண்டுகளை நீளப்படி பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லைப் படமெடுக்கும் கருவி) பக்கத்தில் ஒட்டிவையுங்கள்: பிஜி 404, டிஎஃப் 641, டிடி 316, ஏஏ 557, யுனிவர்சல் 602. எண்களைப் பார்த்தாலே ஒன்று புரியும். பிஜியையும் டிடியையும் ஒரே ஜெல் வரியில் பிரித்துச் சொல்லலாம். 602ஐயும் 641ஐயும் ஒரே குழாயில் போட்டால் கண் பிசகும். முதல் ஆறு மாதம் குழாய்க்கு ஒரு கிருமி என்றே செய்யுங்கள்.

பிரைமர் காய்ந்த தூளாக வரும். மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை சுற்றி எடுங்கள், இல்லாவிட்டால் தூள் மூடியோடு பறந்துவிடும். லேபிளில் எத்தனை நானோமோல் என்று போட்டிருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால் வரும் மைக்ரோலிட்டர் டிஇ ஊற்றினால் 100 மைக்ரோமோலார் ஸ்டாக் தயார். 24.6 என்றிருந்தால் 246 மைக்ரோலிட்டர். அதிலிருந்து பத்தில் ஒன்றாக நீர்த்த 10 மைக்ரோமோலார் கரைசலைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்து, தினமும் அதையே எடுங்கள். ஸ்டாக்கைத் தொடாதீர்கள்.

ஒரு குழாய்க்கு 25 மைக்ரோலிட்டர் கணக்கு: இரட்டைச் செறிவு மாஸ்டர் மிக்ஸ் (நொதியும் டிஎன்ஏ எழுத்துகளும் கலந்து வரும் கரைசல்) 12.5, இரண்டு பிரைமரும் தலா 1, தண்ணீர் 8.5, கடைசியாக மாதிரி டிஎன்ஏ 2. பத்து மாதிரி, பாசிட்டிவ் கன்ட்ரோல் (கிருமி டிஎன்ஏ நிச்சயம் உள்ளது), நெகட்டிவ் கன்ட்ரோல் (டிஎன்ஏவே இல்லாதது), பிளாங்க் என்று பதின்மூன்று குழாய் என்றால் பதினான்குக்குக் கலக்குங்கள். டிப்பின் சுவரில் ஒட்டியே ஒரு குழாய் அளவு காணாமல் போகும். மாஸ்டர் மிக்ஸ் 175, பிரைமர் தலா 14, தண்ணீர் 119, மொத்தம் 322. குழாய்க்கு 23 மைக்ரோலிட்டராகப் பிரித்து, அப்புறம் மாதிரியை 2 சேருங்கள். நெகட்டிவ் கன்ட்ரோலுக்குத் தண்ணீர் 2. அதை மாதிரிகளையெல்லாம் சேர்த்த பிறகு சேர்த்து மூடுங்கள். முதலிலேயே மூடி வைத்த நெகட்டிவ் கன்ட்ரோல், நாம் பண்ணிய தப்பைப் பார்க்காத சாட்சி மாதிரி.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்குப் பிஜியில் ஏடிசிசி 33277 என்ற வகையின் டிஎன்ஏவை வாங்கி வைப்பது வழக்கம். மேசைக்கு வந்து கடைசியாகத் திறக்க வேண்டிய குழாய் அது.

மெஷினில் 95 டிகிரி 5 நிமிடம். பிறகு 95, 60, 72 என்று தலா அரை நிமிடம், 72இல் மட்டும் ஒரு நிமிடம். இப்படி 35 சுற்று. முடிவில் 72இல் 5 நிமிடம். பிரைமருக்கு ஏற்ப நடு வெப்பநிலை மாறும், அவ்வளவுதான் மெஷின்.

நெகட்டிவ் கன்ட்ரோலில் கோடு (பேண்ட்) வந்தால்

ஒவ்வொரு சுற்றிலும் துண்டு இரட்டிப்பாகும். 35 சுற்றுக்கு, கணக்குப்படி, ஒன்று 3,400 கோடி ஆகிறது. நிஜத்தில் பிரைமர் தீர்ந்து அதற்கு முன்பே நின்றுவிடும். இருந்தாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான். பிசிஆர் முடிந்த குழாயின் மூடியைத் திறக்கும்போது பறக்கும் கண்ணுக்குத் தெரியாத துளியில் லட்சக்கணக்கான பிரதிகள். அது நாளைய மாஸ்டர் மிக்ஸில் விழுந்தால் எல்லா நோயாளிக்கும் பிஜி உண்டு.

எனக்கு இது நடந்தது. மூன்று வாரம் எதைச் செய்தாலும் நெகட்டிவ் கன்ட்ரோலில் 404இல் ஒரு மெல்லிய கோடு. தண்ணீரை மாற்றினேன், மாஸ்டர் மிக்ஸை மாற்றினேன், பிரைமரைப் புதிதாக வாங்கினேன். சீனியர் அக்கா ஒருவர் வந்து பின்னால் நின்று நான் ஜெல்லில் ஏற்றுவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அந்த பைப்பெட் எங்கிருந்துடா எடுத்த?" என்று மட்டும் கேட்டார். மாஸ்டர் மிக்ஸ் கலக்கும் அதே பைப்பெட்டால்தான் மூன்று வாரமும் பிசிஆர் முடிந்த சரக்கை ஜெல்லில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பைப்பெட்டின் தண்டுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.

அதனால்: மாஸ்டர் மிக்ஸ் கலக்க ஓர் இடம், டிஎன்ஏ சேர்க்க ஓர் இடம், பிசிஆருக்குப் பிந்தைய வேலைக்கு ஓர் இடம். மூன்று அறை இல்லையென்றால் மூன்று மூலை. ஒவ்வொன்றுக்கும் தனி பைப்பெட், தனி கோட்டு, ஃபில்டர் உள்ள டிப். ஜெல் மூலையிலிருந்து எதுவும் முதல் மூலைக்குத் திரும்பி வரக் கூடாது, உங்கள் பேனா உட்பட.

ஜெல்லும் அதை வாசிப்பதும்

2 சதவீத அகரோஸ், 100 எழுத்து லேடர் (நீளம் தெரிந்த துண்டுகளின் அளவுகோல்), 100 வோல்ட், முக்கால் மணி நேரம். டிஎன்ஏவை ஒளிர வைக்க எத்திடியம் புரோமைடு பயன்படுத்தும் லேப் என்றால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது மரபணு மாற்றம் உண்டாக்கும் பொருள். ஏற்றும்போது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள், டிப் குழியின் வாயில் நின்றால் போதும், உள்ளே குத்த வேண்டாம். மாதிரியோடு சேர்த்த நீலச் சாயம் தன் கனத்தில் தானே இறங்கும்.

யுவி வெளிச்சத்தில் வைத்ததும் எல்லோர் கண்ணும் மாதிரி வரிகளுக்குத்தான் ஓடும். முதலில் லேடரைப் பாருங்கள். பல லேடர்களில் 500 மட்டும் பளிச்சென்று இருக்கும், அதிலிருந்து எண்ணுங்கள். பிறகு பாசிட்டிவ் கன்ட்ரோல். 400க்கு ஒரு மயிரிழை மேலே கோடு இருக்கிறதா? பிறகு நெகட்டிவும் பிளாங்கும், சுத்தமாக இருக்கின்றனவா? இவை சரியாக இருந்தால் மட்டும் மாதிரியைப் பாருங்கள். ஒன்று சரியில்லை என்றாலும் அன்றைய ஜெல் முழுக்கக் குப்பை, எவ்வளவு அழகான கோடுகள் இருந்தாலும்.

மாதிரியில் கோடு இல்லை என்றால் உடனே 'கிருமி இல்லை' என்று எழுதக் கூடாது. இங்கேதான் யுனிவர்சல் பிரைமர். வாயிலிருந்து எடுத்த மாதிரியில் ஏதாவது ஒரு பாக்டீரியா கட்டாயம் இருக்கும். அதே மாதிரியில் யுனிவர்சல் பிரைமர் 602இல் கோடு கொடுத்து, பிஜி பிரைமர் கொடுக்காவிட்டால் அந்த 'இல்லை'யை நம்பலாம். யுனிவர்சலும் வரவில்லை என்றால் டிஎன்ஏ வரவில்லை, அல்லது ரத்தம் தடுக்கிறது. மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். நீர்த்த பிறகு கோடு வந்தால் குற்றவாளி ரத்தம்தான்.

எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமா?

சாதாரண பிசிஆர் உண்டு, இல்லை என்பதோடு நிற்கும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட ரியல் டைம் பிசிஆர் வேண்டும். இதில் டிஎன்ஏ பெருகப் பெருக ஒளியும் கூடும். அந்த ஒளி எந்தச் சுற்றில் எல்லையைத் தாண்டுகிறது என்று பார்ப்போம். அந்த எண் சிடி. சீக்கிரம் தாண்டினால் கிருமி அதிகம். பத்து மடங்கு வித்தியாசத்துக்குச் சுமார் 3.3 சுற்று.

எண்ணிக்கையாக மாற்ற ஸ்டேண்டர்டு கர்வ், அதாவது அளவு தெரிந்த டிஎன்ஏவின் சிடியை வைத்து வரையும் கோடு, போட வேண்டும். பிஜியின் முழு மரபுத்தொகுதி சுமார் 23.4 லட்சம் எழுத்து, எடை 2.5 ஃபெம்டோகிராம். ஆகவே 1 நானோகிராம் சுத்தமான பிஜி டிஎன்ஏவில் சுமார் 4 லட்சம் பாக்டீரியா. அங்கிருந்து பத்துப் பத்தாக நீர்த்து ஐந்து, ஆறு புள்ளி வையுங்கள். கோட்டின் சரிவு மைனஸ் 3.32க்குப் பக்கத்தில் வந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. ஒரு பொறி: பிஜியில் 16எஸ் ஜீன் நான்கு பிரதி, டிடியில் இரண்டு. ஜீன் எண்ணிக்கையை அப்படியே பாக்டீரியா எண்ணிக்கை என்று எழுதினால் டிடியோடு ஒப்பிடும்போது பிஜி இரட்டிப்பாகத் தெரியும். பிஜியின் டிஎன்ஏவையே ஸ்டேண்டர்டாக வைத்தால் இந்தச் சிக்கல் தானாகச் சரியாகும். ஜீனின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் பிளாஸ்மிட் (சின்ன வட்ட டிஎன்ஏ) வைத்தால் நீங்கள்தான் வகுக்க வேண்டும்.

ரிசல்ட்டை வைத்து என்ன சொல்லலாம்?

இருக்கிறது என்று வந்தால் அது நோய் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் ஒஹையோவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வில் ஈறு நோய் உள்ள 130 பேரில் 103 பேரிடம் பிஜி இருந்தது, 79 சதவீதம். ஈறு நன்றாக இருந்த 181 பேரிலும் 46 பேரிடம் இருந்தது. நாலில் ஒருவர்! இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாசிட்டிவ் ரிப்போர்ட்டைப் பார்த்து யாரையும் பயமுறுத்த மாட்டீர்கள். அளவு குறைவாக இருப்பதும் அப்படியே நிம்மதி தராது. எலிகளில் செய்த சோதனையில், மொத்த பாக்டீரியாவில் 0.01 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த பிஜியே மற்றக் கூட்டத்தைக் கிளப்பிவிட்டு எலும்பைக் கரைத்தது.

ஏஏ விஷயத்தில் எந்த வகை என்பது முக்கியம். ஜேபி2 என்ற வகையில் நச்சை உண்டாக்கும் ஜீனுக்கு முன்னால் 530 எழுத்து காணாமல் போயிருக்கும். அதனால் நச்சு அதிகமாகச் சுரக்கும். மொராக்கோவில் பள்ளி வயதுப் பிள்ளைகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஜேபி2 மட்டும் இருந்த பிள்ளைகளுக்கு ஈறு அழியும் ஆபத்து 18 மடங்கு, மற்ற ஏஏ இருந்தவர்களுக்கு 3 மடங்கு. அந்த 530 எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதை பிசிஆரிலேயே துண்டின் நீளத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

முன்னால் ஒரு சிக்கல் திரும்பி வரும் என்றேனே. பிசிஆருக்குச் செத்த கிருமியும் ஒன்றுதான். சிகிச்சை முடிந்த மறுநாள் மாதிரி எடுத்தால் பிணங்களும் கணக்கில் வரும். சில வாரங்கள் கழித்து எடுங்கள். உயிருள்ளதை மட்டும் எண்ணியே ஆக வேண்டும் என்றால் புரோபிடியம் மோனோஅசைடு என்ற சாயம் இருக்கிறது. அது சுவர் உடைந்த செல்லுக்குள் மட்டும் நுழையும். ஒளி பட்டதும் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு பிசிஆரைத் தடுத்துவிடும்.

மருந்து பற்றி நாம் எதுவும் எழுதக் கூடாது. 2020இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், ஈறு சுத்தத்தோடு எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வழக்கம் வேண்டாம் என்கிறது. அந்த முடிவு நோயாளியைப் பார்க்கும் டாக்டருடையது.

நோயாளிகள் சிலர் 'ஜீன் டெஸ்ட்' என்று கேள்விப்பட்டு நேராக லேப் வாசலுக்கே வந்துவிடுவார்கள். "எங்க பரம்பரையில கோளாறா தம்பி, புள்ளைங்களுக்கும் வருமா?" என்று ஓர் அம்மா கேட்டார். பார்த்தது அவருடைய ஜீனை இல்லை, கிருமியுடைய ஜீனை என்று சொன்னதும் முகம் தெளிந்தது. மனித ஜீனைப் பார்க்கும் ஈறு நோய் டெஸ்ட்டும் தனியாக இருக்கிறது, இன்டர்லூகின்-1 ஜீனைப் பார்ப்பது. அது வேறு கதை, நம்முடைய டெஸ்ட்டோடு குழப்ப வேண்டாம். சம்மதப் படிவத்திலேயே இதை ஒரு வரியில் தமிழில் எழுதிவிட்டால் வாசலில் இந்தக் கேள்வி வராது.

ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று எழுதாதீர்கள். 'இந்த மாதிரியில் கண்டறியப்படவில்லை' என்று எழுதுங்கள். எந்தப் பல், எந்தப் பக்கம், பை எத்தனை மி.மீ., எடுத்த தேதி, என்ன பிரைமர், யுனிவர்சல் வந்ததா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். மிச்ச டிஎன்ஏவை மைனஸ் 20இல் வைத்து, எந்தப் பெட்டி, எத்தனையாவது வரிசை, எத்தனையாவது குழி என்று நோட்டில் குறித்துவையுங்கள். வைவாவுக்கு இரண்டு நாள் முன்னால், ஏழாம் எண் மாதிரியை மட்டும் இன்னொரு தடவை ஓட்டிக் காட்டு என்று உங்கள் கைடு கட்டாயம் கேட்பார்.